நாம் கண்டதும் கேட்டதும்: கலியாணக் குதிரையும் ஈ மருந்தும்

ஆவணி முகூர்த்தங்கள் முடிந்து புரட்டாசி பிறந்து, நம் சங்கத்து இல்லங்களில் கொலுப் பொம்மைகளைப் பரணிலிருந்து இறக்கும் இவ்வேளையில், குதிரையைப் பற்றி எழுதப் புகுந்ததற்கு வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். பண்டிகைக் காலத்து ரயில் முன்பதிவைப் பற்றி இம்மாதம் எழுதுவதாக வாக்களித்திருந்தோம். அது அடுத்த இதழில் தவறாது வரும். இடையே நேர்ந்த ஒரு விஷயம் அதனினும் அவசரமாகத் தோன்றியது.

சிக்கந்தராபாத்தில் பத்மராவ் நகர்ப் பக்கம் நம் அன்பர் ஒருவர் இல்லத்தில் கலியாணம். மாப்பிள்ளை அழைப்புக்குத் திறந்த கார் என்பது நம்மவர் வழக்கம். ஆயினும் இவ்வூரில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இவ்வூர் வழக்கமே மனத்துக்கு உகந்ததாயிருக்கிறது. வடவர் ‘பராத்’ என்று கூறும் ஊர்வலத்தைப் போல வெள்ளைக் குதிரைமீது ஏறித்தான் வருவேன் என்று மாப்பிள்ளை பிடிவாதம் செய்ய, பெரியவர்களும் இசைந்துவிட்டனர். முன்னே நாதஸ்வரம், பின்னே பேண்டு வாத்தியம், நடுவே ஜரிகைத் துணி போர்த்திய குதிரை. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

குதிரையோ ஓரிடத்தில் நிற்கவில்லை. பின்னங்காலை ஓயாமல் தரையில் உதைத்தது, தலையை உதறியது, உடம்பெங்கும் தோலைச் சிலிர்த்துக்கொண்டே இருந்தது. மாப்பிள்ளையின் தலைப்பாகை ஒரு பக்கமாகச் சாய்ந்ததைக் கண்டு சிறுவர்கள் சிரித்தார்கள். மேளச் சத்தத்துக்கு மிரள்கிறது என்றார் ஒருவர். நாம் அருகில் நடந்து வந்தமையால், ஜரிகைத் துணி விலகியபோது சேணத்தின் ஓரத்தில் கையகல இடத்தைக் கண்டோம். மயிர் உதிர்ந்து, தோல் சிவந்து, நீர் கசிந்துகொண்டிருந்தது. அதன்மேல் ஈக்கள் மொய்த்தன.

மாப்பிள்ளை இறங்கி மண்டபத்துக்குள் சென்ற பின், புறக்கடையில் குதிரைக்காரரைக் கண்டு விசாரித்தோம். ஐம்பது வயது மதிக்கத்தக்க பாய் அவர். தந்தையார் டாங்கா ஓட்டியவராம். இவருக்கு இந்த ஒரு பெட்டைக் குதிரையே சொத்து. முகூர்த்த காலத்தில் அது சம்பாதிப்பதை வைத்தே ஆண்டு முழுதும் அதற்கும் குடும்பத்துக்கும் தீனி. மழை தொடங்கிய நாள் முதல் ஈத்தொல்லை பொறுக்க முடியாமல், மாட்டுக்குத் தெளிக்கும் மருந்து ஒன்றை வாங்கி வந்தாராம். நீரில் கலந்து தெளிக்க வேண்டிய செறிந்த மருந்து அது. “வீரியமாய் இருக்கட்டும் என்று தண்ணீரைக் குறைத்துவிட்டேன், சாப்” என்றார். ஊர்வலம் ஒன்றிலிருந்து திரும்பி வியர்த்து நின்ற குதிரைமீது தெளித்திருக்கிறார். ஈரம் காயுமுன் அடுத்த ஊர்வலத்துக்குச் சேணமும் கட்டியிருக்கிறார். மறுநாள் காலையில் முதுகெங்கும் தடிப்பு. குதிரை சுவரில் உராய்ந்து உராய்ந்து தோலைக் கிழித்துக்கொண்டது.

இவ்வளவும் சொல்லிவிட்டு, அவர் பையிலிருந்து மற்றொரு குப்பியை எடுத்துக் காட்டினார். முதல் மருந்து கேட்கவில்லை என்பதனால், எருமை வைத்திருக்கும் ஒருவர் இதைக் கொடுத்தாராம். மறுநாள் விடியற்காலையில் குதிரை முழுவதும் தெளித்துவிட எண்ணியிருந்தார்.

பார்சல் ரசீதின் பின்புறத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் நிபந்தனைகளை யாரும் படிப்பதில்லை. அவற்றைப் படிப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர்கள் நாம். ஆகவே குப்பியை வாங்கி விளக்கடியில் பிடித்துப் படித்தோம். மருந்தின் பெயர் அமிட்ராஸ். மாடு, நாய் என்று எழுதியிருந்தது. அடியில், மடிப்புக்குள் மறைந்த ஒரு வரியில், குதிரைக்கு உபயோகிக்கலாகாது என்று கண்டிருந்தது.

நம் அலுவலக நண்பர் ஒருவரின் மைத்துனர் கால்நடை மருத்துவர். அந்த இரவிலேயே அவரைத் தொலைபேசியில் அழைத்தோம். அமிட்ராஸ் என்ற சொல்லைக் கேட்டதும் அவர் குரல் மாறிற்று. மாட்டு உண்ணிக்கும் நாய்ச் சொறிக்கும் அது நெடுங்காலமாகப் பயன்பட்டு வரும் நல்ல மருந்தே. குதிரையின் உடம்புக்குள் சென்றாலோ பெருங்குடலின் அசைவை அடக்கிவிடும். தின்ற தீனி நகராமல் உள்ளேயே தங்கி இறுகும். குதிரை சோர்ந்து தள்ளாடும். வயிற்றுச் சூலை கண்டு புரளும். குதிரைக்கு வாந்தியெடுக்கும் சக்தியும் இயற்கையில் இல்லை. தோல் கிழிந்திருக்கும் குதிரைமீது அதைத் தெளித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.

நம் புத்திசாலித்தனத்தையும் மறைக்காமல் கூற வேண்டும். தொலைபேசியில் அழைக்குமுன் நாமே பாயிடம் ஒரு யோசனை சொல்லியிருந்தோம்: வேப்பெண்ணெயில் கற்பூரம் கரைத்துப் பூசினால் ஈ அண்டாது என்று. பாட்டியார் காலத்து வைத்தியம். மருத்துவர் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, “புண்ணின்மேல் கற்பூரம் பூசினால் எரியாதா? உங்கள் கையில் புண் இருந்தால் பூசுவீர்களா?” என்றார். வாயை மூடிக்கொண்டோம்.

அவர் அன்றும் பின்னரும் விளக்கியவற்றை, நினைவில் நின்றவரையில் இங்கே எழுதுகிறோம். நம்மவருள் குதிரை வைத்திருப்பவர் சிலரே. ஆயினும் மலக்பேட்டைப் பந்தய லாயங்களில் வேலை செய்யும் தமிழர்கள் உண்டு. குதிரையேற்றம் பயிலும் பிள்ளைகள் உண்டு. கலியாணத்துக்குக் குதிரை அமர்த்துவோரும் இனிப் பெருகுவர் என்றே தோன்றுகிறது. ஐயனார் கோயில் மண் குதிரையை மட்டும் பார்த்து வளர்ந்த நமக்கு, உயிருள்ள குதிரையின் தோலைப் பற்றி ஒன்றும் தெரியாது.

குதிரையின் தோல் மாட்டுத் தோலைவிட மெல்லியது, கூருணர்வும் உடையது. ஓர் ஈ அமர்ந்தாலும், தோலுக்கடியிலுள்ள தசையை அந்த இடத்தில் மட்டும் சிலிர்த்து விரட்டும். மனிதரைப் போலவே உடம்பெல்லாம் வியர்க்கும் பிராணி. சேணத்தின் கீழும் வாரின் கீழும் வியர்வை தேங்கித் தோல் ஊறிப்போகும். ஊறிய தோலில் எந்த மருந்தும் மிகுதியாக உறைக்கும். அதன்மேல் சேணத்தை இறுக்கிக் கட்டினால், மருந்தை வைத்துக் கட்டுப்போட்டதற்குச் சமானம். கலியாணத்துக்கு விரும்பப்படும் நுக்ரா குதிரைக்கோ தோலே இளஞ்சிவப்பு. வெயிலே அதற்கு ஆகாது.

இன்னொன்றும் உண்டு. சில குதிரைகளுக்குப் பூச்சிக்கடியே ஒவ்வாது. கொசுவினும் மிகச் சிறிய, கண்ணுக்கு எளிதில் தென்படாத ‘கியூலிகாய்ட்ஸ்’ என்னும் பூச்சி கடிக்கும்போது அதன் உமிழ்நீர் தோலில் படுகிறது. ஒவ்வாமை உடைய குதிரைக்கு அதனால் தாங்கமுடியாத அரிப்பு எடுக்கும். பிடரியையும் வாலின் அடியையும் தேய்த்துத் தேய்த்து மயிரை இழக்கும். இத்தகைய குதிரைக்குத்தான் ஈ மருந்து மற்றவற்றைவிடத் தேவை. மருந்தையும் தாங்காத தோல் பெரும்பாலும் இதற்கே வாய்க்கிறது. அரிப்பு கடியால் வந்ததா, மருந்தால் வந்ததா என்று அறியாமல் மருந்தை மேலும் மேலும் பூசுவோர் பலர் என்றார் மருத்துவர். பாய் செய்ததும் அதுவே.

ஆகவே முதற்காரியம், குப்பியின்மேல் ‘குதிரை’ என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்தல். இல்லையாயின் மருத்துவரைக் கேளாமல் தொடலாகாது. இருந்தாலும் முதல் நாளே உடம்பெங்கும் தெளித்தல் கூடாது. குதிரையைத் தேய்த்துப் புழுதி நீக்கி, வியர்வை உலர்ந்த பின், கழுத்தில் உள்ளங்கையளவு இடத்தில் மட்டும் சிறிது பூசி ஒரு நாள் விட வேண்டும். ஒவ்வாமை கண்ட குதிரையானால் இரண்டு நாள். தடிப்போ, சூடோ, மயிர் சிலிர்த்து நிற்றலோ, அவ்விடத்தைக் குதிரை தேய்க்க முயல்வதோ தென்பட்டால், அந்த மருந்து அந்தக் குதிரைக்கு உதவாது. மிதமான சோப்பும் நிறைய நீரும் கொண்டு கழுவிவிட வேண்டும். முகம் வீங்கினாலோ மூச்சு இரைத்தாலோ கழுவிக்கொண்டே நிற்காமல் மருத்துவரை உடனே அழைக்க வேண்டும்.

சோதனையில் தேறிய மருந்தையும் புண்ணின்மேலும், சேணமும் வாரும் அழுந்தும் இடங்களிலும் பூசலாகாது. முகத்துக்கு ஒருபோதும் தெளித்தல் கூடாது. கையுறை அணிந்து, துணியில் சிறிது நனைத்து, கண், மூக்கு, வாய் இவற்றை விலக்கித் துடைக்க வேண்டும். பீச்சும் ஓசைக்கே மிரளும் குதிரைகளுக்கும் துணியே சிறந்தது. அளவு குப்பியில் கண்டபடி; வீரியம் கூட்டுதல் என்ற பேச்சே கூடாது. நேற்று ஒன்று, இன்று ஒன்று என்று இரண்டு மருந்துகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசுவதும் அப்படியே. நெடுநேரம் மருந்து வேண்டாத இரவில் முதல் மருந்து கழுவப்படாமல் தோலில் இருக்க, காலையில் இரண்டாவதைத் தெளிக்க இருந்தாரே, அதை நினைத்தால் இப்போதும் நமக்கு நடுக்கமே.

மருந்துகளின் வகையைப் பற்றிச் சிறிது. சாமந்தியின் இனத்துப் பூ ஒன்றிலிருந்து எடுக்கப்படுவது பைரீத்ரம். வெயில் பட்டால் விரைவில் வலியிழந்துவிடும். ஆகையால் அடிக்கடி பூச நேரும். அதைப் பார்த்து மனிதர் செய்த பெர்மெத்ரின் அதிக நேரம் நிற்கும். குதிரைகளுக்கென்று விற்கும் ஈ மருந்துகள் பலவற்றில் இவ்விரண்டில் ஒன்று இருக்கும். எண்ணெயிலோ சாராயச் சத்திலோ கரைத்தவற்றைவிட நீரில் கலந்தவை மென்மையான தோலுக்கு ஏற்றவை. வீட்டில் பூனை வளர்ப்போர் கவனிக்க: பெர்மெத்ரின் பூனைக்குக் கொடிய நஞ்சு. மீனுக்கும் தேனீக்கும் அப்படியே. மருந்து கழுவிய நீரைக் குளம் குட்டையில் விடலாகாது.

இயற்கைப் பொருளாயிற்றே, என்ன செய்யும் என்று கேட்போர் நம் சங்கத்தில் உண்டு. சென்ற மாதம்வரை நாமும் அக்கூட்டத்தைச் சேர்ந்தவர்களே. வேப்பெண்ணெய், சிட்ரோனெல்லா எண்ணெய், யூகலிப்டஸ் தைலம் ஆகியவை ஈக்களைச் சிறிது நேரம் விலக்கும் என்பது மெய். நீர்க்காமல் பூசினால் அவையும் தோலை எரிக்கும். பூவிலிருந்து வந்ததாயினும் வேம்பிலிருந்து வந்ததாயினும் கழுத்துச் சோதனை எல்லாவற்றுக்கும் பொதுவே. மண்ணெண்ணெய், தரை கழுவும் பினாயில், வண்டியில் வடித்த பழைய எண்ணெய் இவற்றைப் பூசுவோரும் உளர். இவை மருந்தே அல்ல. தோலை வெந்த புண்ணாக்கும் பொருள்கள்.

இத்தனை சங்கடம் எதற்கு, ஈயை ஈ பாட்டுக்கு விட்டுவிடலாகாதா என்றும் கேட்கத் தோன்றும். பூச்சியை அற்பமென்று எண்ணுதல் இந்த ஊரில் பொருந்தாது. 1897-ஆம் ஆண்டு ஆகஸ்டு 20-ஆம் நாள், நம் சிக்கந்தராபாத்தை அடுத்த பேகம்பேட்டையில்தான் ரொனால்டு ராஸ் என்னும் மருத்துவர் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். அதற்கும் முன்னரே, 1880-இல், இன்று பாகிஸ்தானில் உள்ள தேரா இஸ்மாயில் கான் பகுதியில், கிரிஃபித் எவன்ஸ் என்னும் கால்நடை மருத்துவர் குதிரைகளின் இரத்தத்தில் ‘சர்ரா’ நோயின் கிருமியைக் கண்டறிந்தார். கடிக்கும் பெரிய ஈக்கள் ஒரு குதிரையின் இரத்தத்தை வாயில் ஏந்தி மற்றொன்றைக் கடிக்கும்போது அந்நோய் பரவுகிறது. காய்ச்சல் விட்டு விட்டு வந்து, குதிரை இரத்தம் குன்றி இளைத்து, கவனியாவிடில் மடியும். மழைக்காலத்தில் ஆறாமல் பெருகும் புண்ணுக்கு இங்குள்ளோர் ‘பர்சாத்தி’ என்று பெயரிட்டனர். ‘பர்சாத்’ என்றால் மழை என்பது ஹைதராபாத்தில் வாழும் நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஈக்கள் புண்ணில் விட்டுச் செல்லும் ஒருவகைப் புழுவின் குஞ்சுகளே அப்புண்கள் பலவற்றுக்குக் காரணம் என்று பின்னர் அறியப்பட்டது. மலக்பேட்டையில் ஆறாம் நிஜாம் மஹபூப் அலி கான் 1886-இல் பந்தயத்தைக் கொண்டுவந்தார் என்பர். மழைக்காலப் பந்தயம் இவ்வூரின் சிறப்பு. குதிரைகள் மிகுதியாகக் கூடும் பருவமும் ஈக்கள் மிகுதியாகப் பெருகும் பருவமும் இங்கே ஒன்றாகிவிடுகின்றன.

பின்வந்த ஞாயிற்றுக்கிழமை, மருத்துவரை அழைத்துக்கொண்டு பாயின் கொட்டிலுக்குச் சென்றோம். புண்ணைப் பார்த்து மருந்தெழுதியதற்கு அவருக்குக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. பிறகு குதிரையை விட்டுவிட்டுக் கொட்டிலின் பின்புறம் சென்று நின்றார். அங்கே மதிலோரத்தில் லத்திக் குவியல். ஒரு குதிரை நாளொன்றுக்குப் 10, 15 கிலோ லத்தி போடும். மூத்திரத்தில் நனைந்த வைக்கோலும் மழைநீரும் அதனோடு கலந்து சேறாகிக் கிடந்தது. ஒரு குச்சியால் கிளறிக் காட்டினார். உள்ளே புழுக்கள் நெளிந்தன. நம் ஊர் வெப்பத்தில் வீட்டு ஈ முட்டையிலிருந்து புழுவாகிக் கூடு கட்டி ஈயாகப் பறப்பதற்கு 7 முதல் 10 நாட்களே போதும். காலைக் கடிக்கும் லாய ஈ, பார்வைக்கு வீட்டு ஈ போலவே இருக்கும். நனைந்த வைக்கோலே அதற்குப் பிரசவ அறை. கலியாணத்தில் குதிரை பின்னங்காலை உதைத்ததன் காரணம் அப்போதுதான் விளங்கிற்று. மேளத்தின்மேல் வீணாகப் பழி போட்டோம்.

“இங்கே ஈயை வளர்த்துவிட்டு அங்கே மருந்தைத் தெளித்தால் எப்படி, பாய்?” என்றார் மருத்துவர். லத்தியை அன்றாடம் வாரி அப்புறப்படுத்த வேண்டும். நனைந்த வைக்கோலை உடனுக்குடன் மாற்ற வேண்டும். தரை காய வேண்டும். கொட்டிலில் ஒரு மின்விசிறி மாட்ட வேண்டும். கியூலிகாய்ட்ஸ் பூச்சிக்குப் பறக்கும் வலிமை குறைவு. விசிறிக் காற்றை எதிர்த்து வர அதனால் இயலாது. அவை மிகுதியாகக் கடிக்கும் அந்தியிலும் விடியலிலும் குதிரையை வெளியே கட்டாமல் உள்ளே வைத்தல் நலம். உடம்புக்கு மெல்லிய வலைப் போர்வையும் முகத்துக்கு வலை முகமூடியும் உண்டு. டாங்காக் குதிரைகளின் நெற்றியில் முன்னாளில் நூல் குஞ்சங்கள் தொங்கியதை வயதான அன்பர்கள் பார்த்திருப்பர். அலங்காரமென்று நாம் எண்ணியது கண்ணில் மொய்க்கும் ஈயை ஓட்டுவதற்காம். பாய் இதைக் கேட்டதும் உள்ளே சென்று, தந்தையாரின் பெட்டியிலிருந்து அத்தகைய குஞ்சம் ஒன்றைத் தேடி எடுத்து வந்தார்.

லத்தியை எங்கே கொட்டுவது என்பது அடுத்த சங்கடம். அதற்கு நம் இல்லாள் வழி கண்டாள். மாரேட்பள்ளியில் மாடித் தோட்டம் போட்டிருக்கும் சங்கத்து மாமிகள் நால்வர், வாரம் இருமுறை சாக்கில் எடுத்துக்கொள்ள இசைந்தார்கள்.

எல்லாவற்றையும்விடக் கடினமாயிருந்தது வேறொன்று. தோல் ஆறும்வரை, குறைந்தது மூன்று வாரம், சேணம் கட்டலாகாது என்பது மருத்துவர் கட்டளை. பாயோ ஆவணிக் கடைசி முகூர்த்தத்துக்கு முன்பணம் வாங்கிச் செலவும் செய்துவிட்டார். கொடுத்தவர் நம் சங்கத்து அன்பரே. செய்தியைச் சொன்னபோது அவர் சினந்தார்; பத்திரிகை அச்சிட்டாயிற்று, உறவினரெல்லாம் எதிர்பார்க்கிறார்கள், துணியை நன்றாக மூடினால் புண் தெரியாது என்றார். நாம் ஒன்றும் வாதிக்கவில்லை. கைத்தொலைபேசியில் எடுத்திருந்த அந்தக் கையகலப் புண்ணின் படத்தைக் காட்டினோம். அவர் அருகிலிருந்த மணமகள் அதை வாங்கிப் பார்த்தாள். “அப்பா, கார் போதும்” என்று மட்டும் சொன்னாள். முன்பணத்தை ஐப்பசியில் அவர் மைத்துனர் இல்லத்துக் கலியாணத்துக்குக் கழித்துக்கொள்வதாக முடிவாயிற்று. இடைப்பட்ட வாரங்களில் பாய் ஒரு பேண்டு கோஷ்டிக்கு விளக்குத் தூக்கச் சென்றார். குதிரைக்காரக் குடும்பத்துக்கு அது எளிதன்று; அவர் முகத்தில் கண்டோம்.

சென்ற வாரம் மீண்டும் போயிருந்தோம். கொட்டில் தரை காய்ந்திருந்தது. விசிறி ஓடிற்று. அமிட்ராஸ் குப்பி எருமைக்காரரிடமே திரும்பிப் போய்விட்டது. புதிதாக வாங்கிய குதிரை மருந்து மாடத்தில் இருந்தது. பத்தாம் வகுப்புப் படிக்கும் அவர் மகள், எவ்வளவுக்கு எவ்வளவு நீர் என்பதை உருதுவில் பெரிய எழுத்தில் எழுதி அதன்மேல் ஒட்டியிருக்கிறாள். கழுத்துச் சோதனை இரண்டு நாளும் தேறியதாம். குதிரையின் முதுகில் புது மயிர் அரை அங்குலம் முளைத்திருந்தது. ஐப்பசிக் கலியாணத்துக்குக் குதிரை வருமா என்று அன்பர் கேட்கச் சொன்னதைக் கேட்டோம். “நக்கோ சாப், இப்போது சொல்லமாட்டேன்” என்றார் பாய். “முதலில் வெறும் சேணத்தை ஒரு மணி நேரம் வைத்துப் பார்க்க வேண்டும். அது என்ன சொல்கிறதோ அதுதான்.”